தோல் மண்டியில் ஒரு வாய்ச்சொல்

கீழைக் குன்றுகளின் முகட்டில் ஞாயிறு தலைகாட்டும் முன்னரே ஆம்பூர் விழித்துக்கொள்ளும். நீரற்றுக் கிடந்த பாலாற்றின் வெண்மணற் பரப்பில் பனியின் ஈரம் காயாதிருக்க, கரையோரம் நிரைநிரையாய் நின்ற தோல் தொழிற்சாலைகளிலிருந்து சுண்ணாம்புக் குழிகளின் காரமும், ஊறிய ஆவாரம்பட்டையின் துவர்ப்பும், களையப்படாத மயிரின் அழுகலும் ஒன்றாய்க் குழைந்தெழுந்து, கண்ணுக்குத் தெரியாத போர்வையைப் போல் ஊரின்மேல் படியும். கற்றறிந்த நண்பரே, அந்த மணத்தை நுகர்ந்து முகஞ்சுளிப்போர் உண்டு; அதிலே தம் அன்றாடச் சோற்றைக் கண்டு அமைதியுற்றோரும் உண்டு. பின்னவர் வாழ்ந்த குடிசைகளின் நடுவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு மாசித் திங்களில், வெள்ளையடித்த புதுக் கட்டடம் ஒன்று பூட்டிய கதவோடு நின்றது.

ஏழைத் தொழிலாளர்க்கென எழுந்த மருத்துவமனை அது. தோல் மண்டியின் தலைவரான சர்தார் பாஷா வீடுவீடாய் ஏறியிறங்கி, மண்டிக்கு வரும் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு சிறு தொகையை அறப்பணிக்கான மகமையாய் ஒதுக்கும்படி வாணிகரை இணங்கச் செய்து, மருந்துக்கும் சம்பளத்துக்கும் வழிகண்டிருந்தார். இடமும் கட்டடமும் ஈந்தவர் ஊரின் பெருந்தொழிலதிபர் சுந்தரமூர்த்தி. அவர் தந்தையின் பெயர் வாயிற்கல்லில் ஆழப் பொறிக்கப்பட்டிருந்தது. மருத்துவர் வேலூரிலிருந்து கிழமைக்கொருமுறை வருவதாய் ஒப்பினார். எஞ்சிய நாள்களில் புண் கழுவவும் பிள்ளைப்பேறு பார்க்கவும் அங்கேயே தங்கும் செவிலிதான் கிடைக்கவில்லை. வந்த இருவரும் மூக்கைப் பொத்தியபடியே அடுத்த புகைவண்டியில் ஏறிவிட்டனர்.

அதனால்தான் சர்தார் பாஷா அன்னம்மாளின் வாயிலில் வந்து நின்றார். வேலூரில் ஆறாண்டுகள் செவிலிப்பணி கற்றுத் தேர்ந்து, தன் தாய்வீட்டுக்கு அப்போதுதான் திரும்பியிருந்தாள் அவள்.

"கட்டடம் ரெடி, மருந்து ரெடி, ஆளுதான் இல்லம்மா. வந்ததுங்க நாத்தம் தாங்காம ஓடிப்போச்சுங்க. நீ இந்த நாத்தத்துலயே பொறந்தவ. நீயாச்சும் வா."

"வர்றேன் பாய். எனக்குச் சம்பளம்கூட ஜாஸ்தி வேணாம். ஆனா உங்க பெரிய முதலாளி மண்டியில நின்னு, செத்த தோல் தூக்கணும்."

சர்தார் பாஷா திகைத்தார். ஏனெனில் அவள் கேட்டது இன்னதென்று அவ்வூரில் அறியாதார் இல்லை. நோயால் செத்த மாட்டின் தோலை, அறுத்த மாட்டின் தோலோடு மறைத்துக் கட்டி விற்றவன் பிடிபட்டால், பொருளைத் திருப்பித் தந்து தப்பிவிட முடியாது. அனைவரும் காண அக்கட்டை அவிழ்த்து, கெட்ட தோலைத் தன் கையாலேயே உருவித் தலைக்குமேல் உயர்த்தி, அறிந்தே கலந்ததாய்த் தன் வாயால் சொல்லவேண்டும். அது மண்டியின் முறை. சொல்ல மறுத்தவனோடு மறுநாள் ஒருவரும் விலைபேசார்.

அன்னம்மாளின் கணவன் அருளப்பன் சுந்தரமூர்த்தியின் தொழிற்சாலையில் தோலின் சதை சீவுபவனாய் இருந்தவன். செத்த தோல்களைத் தனிக்குழியில் இடாது, மலிவு கருதி நல்லவற்றோடு கலந்து இறக்கிய நாளொன்றில், கத்தி கீறிய அவன் முன்கையில் ஒரு கொப்புளம் தோன்றி, நடுவே கருத்து, சுற்றிலும் வீங்கி, ஐந்தாம் நாள் அவனை மண்ணுக்குள் கொண்டுபோயிற்று. ஒருநாளும் கள்ளைத் தொடாத அவனை, "குடிச்சுச் செத்தான்" என்று சுந்தரமூர்த்தி ஊரார் முன் சொன்னார். கணவனைப் புதைத்த மண் காயுமுன் அச்சொல்லையும் சுமக்க நேர்ந்த அவள், வேலூரில் மருந்தின் பெயர்களைக் கற்ற ஒவ்வொரு நாளும் அதனை உள்ளத்திலே தீட்டித் தீட்டிக் கூராக்கி வைத்திருந்தாள்.

செய்தி கேட்ட சுந்தரமூர்த்தி சிரித்தார். "மெட்ராஸ் வியாபாரி கேட்டா நிப்பேன், அவன் துட்டு குடுக்கறவன். ஒரு கூலிக்காரன் பொண்டாட்டி கேட்டா நிக்கணுமா?"

"அவன் துட்டு குடுத்தான், இவ புருசனையே குடுத்தா. எது ஜாஸ்தின்னு நீயே சொல்லு முதலாளி" என்றார் சர்தார் பாஷா.

கதவு பூட்டியே கிடந்தது. ஒரு கிழமை சென்றது, மற்றொன்றும் சென்றது. சுண்ணாம்பு அரித்த கால்களோடும், இருமலைத் துணியால் பொத்திய வாயோடும் மக்கள் அவள் வீட்டைக் கடந்து சென்றனர். சிலர் நின்று கெஞ்சினர். ஒருவர்க்குக் கை வைத்தாலும் தான் இறங்கிவிட்டதாய்ச் சுந்தரமூர்த்தி எண்ணிவிடுவார் என்று அஞ்சி, ஒருவர்க்கும் அவள் கை வைக்கவில்லை. அவர் பணிவதை எண்ணும்போதெல்லாம், வெயிலில் நடந்தவன் நுங்கை வாயிலிட்டாற்போல் ஒரு குளிர்ச்சி அவளுள் இறங்கும்.

பதினேழாம் நாள் நண்பகலில் கன்னியப்பன் ஓடிவந்தான். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலைசெய்பவன், அடுத்த தெருக்காரன்; சுந்தரி அவன் மனைவி.

"அக்கா, சுந்தரிக்கு வலி எடுத்து ரெண்டு நாளாச்சு. கொழந்த குறுக்கால நிக்குதுன்னு மருத்துவச்சிக் கெழவி கைய விரிச்சுட்டா. வாக்கா."

குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்பி எடுக்கும் திறம் அவள் கைகளுக்கு இருந்தது. வேலூரில் எத்தனையோ முறை செய்து பழகியவை அவை. எழுந்தாள். வாயிற்படிவரை வந்தாள். தெருமுனையில் சுந்தரமூர்த்தியின் கணக்கன் வெற்றிலை மென்றபடி நின்று, தன்னையே நோக்கக் கண்டாள். கண்டதும் கால்கள் நின்றன.

"ஸ்டேஷனுக்கு வண்டி கட்டு கன்னியப்பா. வேலூர் கூட்டிட்டுப் போய்டு."

"வேலூரு போற வரிக்கும் தாங்குமாக்கா?"

அவள் படியை விட்டு இறங்கவில்லை. அவன் வண்டி தேடி ஓடினான். புகைவண்டி வருமுன்னரே, நிலையத்து வேப்பமர நிழலில், தாயும் பிள்ளையும் ஓருடலாய் அடங்கினர்.

மறுநாள் பிணத்தைச் சுமந்தோர் நேர்வழி செல்லாது, மருத்துவமனை பூட்டிக் கிடக்கக் காரணமானவர் என்று சுந்தரமூர்த்தியின் தொழிற்சாலை வாயிலில் பாடையை இறக்கிவைத்தனர். அன்றுமுதல் ஒருவரும் குழியில் இறங்கவில்லை. சுண்ணாம்பில் ஊறும் தோலை உரிய நாளில் எடுக்காவிடின் அது நைந்து கூழாகும்; அதனைச் சுந்தரமூர்த்தி அறிவார், தொழிலாளரும் அறிவர். நான்காம் நாள் குழிகளிலிருந்து எழுந்த முடைநாற்றம் அவர் மாளிகையை எட்டியபோது, தோல் தூக்க இசைவதாய் அவர் மண்டிக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை மண்டி நிரம்பி வழிந்தது. பட்டுக்கரை வேட்டி புழுதியில் புரள, சுந்தரமூர்த்தி தோற்கட்டின் முன் குனிந்தார். முடிச்சு அவிழ நெடுநேரம் ஆயிற்று. உதவ ஒரு கையும் நீளவில்லை.

"தூக்கு சாமி, தூக்கு! எங்க மேல ஏத்தறப்ப கனமாவா இருந்துச்சு?" என்றொரு குரல் எழ, கூட்டம் நகைத்தது.

தூக்கினார். குருதி உறைந்து கருத்த நரம்புகள் அத்தோலில் வேர்களைப் போல் ஓடின. "இது செத்த தோலு. தெரிஞ்சேதான் கலந்தேன். அருளப்பன் குடிச்சுச் சாவல. இதத் தொட்டுத்தான் செத்தான்."

"கேக்கல!" என்றாள் அன்னம்மாள்.

அவர் மீண்டும் சொன்னார். அவள் முகத்தில் அப்போது மலர்ந்ததை மறைத்தெழுத மனம் ஒப்பவில்லை, அது மகிழ்ச்சியேதான். ஆறாண்டுகள் அணையாத நெருப்பு தன் விறகைத் தின்று முடித்துச் செஞ்சுடராய் நிமிர்ந்த கணம் அது.

சாவியைப் பெற்று அவள் மருத்துவமனையைத் திறக்கச் சென்றாள். வாயிலிலிருந்து குடிசைகள்வரை வரிசை நீண்டிருந்தது. முதலில் நின்றவன் கன்னியப்பன். மொட்டையடித்திருந்தான், இடக்கால் சுண்ணாம்பு தின்று வெந்திருந்தது. அவள் பூட்டில் சாவியை நுழைக்குமுன் அவன் பேசினான்.

"முதலாளி வாயால கேட்டுட்ட இல்ல? திரும்பவும் சொல்ல வச்ச. எனக்கும் ரெண்டு உசிரு போச்சு. நான் யாரு வாயால கேக்கறது?"

வரிசை அசையாது நின்றது. அன்னம்மாள் படியிலிருந்து இறங்கி, அவர்களோடு சமமாய் மண்ணில் நின்றாள்.

"சுந்தரிய நான் வந்து பாத்திருக்கணும். என் கைக்குத் தெரிஞ்ச வேல. தெரிஞ்சேதான் வரல. வந்திருந்தா பொழச்சிருப்பா."

பின்னே நின்ற கிழவி ஒருத்தி காதருகே கை குவித்து, "இன்னா சொல்றா?" என்றாள். அன்னம்மாள் குரலுயர்த்தி மீண்டும் சொன்னாள்.

கன்னியப்பன் தலையசைத்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் அதனை வேண்டவில்லை. அவன் நொண்டிச் சென்று வரிசையின் கடைசியில் நின்றான். பொழுது சாயும்வரை புண்களைக் கழுவிக் கட்டியவள், அவன் முறை வந்தபோது தரையில் அமர்ந்து அவன் காலை மடியிலேற்றி, வெந்த தோலினின்று சுண்ணாம்பைச் சிறிது சிறிதாய் எடுத்தாள்.

நண்பரே, அவள் பழி முடித்தது உண்மை. அது முறையான பழியே என்பதும் உண்மை. அதன் இனிமை மண்டியிலிருந்து மருத்துவமனைக்கு நடக்கும் தொலைவுவரைதான் நின்றது என்பதும் உண்மையே. பின்னர்ப் பத்தொன்பது ஆண்டுகள் அக்கதவு ஒருநாளும் அடைக்கப்படவில்லை. எவ்வளவோ குழந்தைகள் அவள் கைவழி இவ்வுலகைக் கண்டன. சுந்தரமூர்த்தியை அவள் இறுதிவரை மன்னிக்கவில்லை, தன்னையும்.