ஏழாம் கேள்விக்கு நான் போட்ட டிக்

1

இந்தக் கதை ஒரு டிக்கில் பிறந்தது. போட்டவன் நான். 2008, உத்திரமேரூர் அரசு மருத்துவமனை. எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருபவர்களுக்குப் படிவம் நிரப்பித் தரும் கல்லூரித் தொண்டன். (தொண்டு செய்தால் வருகைப்பதிவு கிடைக்கும்.)

'வானம் மேகமூட்டத்துடன் அவன் மனதைப்போல—' வேண்டாம். வெயில்தான் அடித்தது.

2

செங்கேணி எதிரில் உட்கார்ந்தார். காவாந்தண்டலம் பக்கம் கரும்பு வெட்டும் கூலி. படிவத்தில் புதிதாக ஏழாம் கேள்வி சேர்ந்திருந்தது: மது அருந்துவீர்களா? அவர் வாய் திறக்குமுன்பே பதில் என் மூக்குக்கு வந்துவிட்டது.

"இல்லன்னு போட்டுக்கோ நைனா. ஆமான்னா மாத்திரய நிறுத்திடுவாங்க."

முன்பு எங்கோ, குடியை விட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்களாம். குடிக்கிற நாளில் மாத்திரையை என்ன செய்வீர்கள் என்றேன்.

"தொடறதில்ல. ரெண்டும் சேந்தா வுசுருக்கு ஆவாதுல்ல?"

மீந்த மாத்திரைகளை இங்கே எண்ணிப் பார்ப்பார்கள். அதனால் வரும் வழியிலேயே வரப்பில் எலி வளைக்குள் போட்டுவிடுவாராம். (எலிகளின் உடல்நிலை குறித்துத் தகவல் இல்லை.)

பெரிய மனது பண்ணி 'இல்லை'யில் டிக் போட்டேன்.

3

சாயங்காலம் ஆலோசகர் சுகிர்தா அக்கா படிவங்களைப் புரட்டினார். இன்றும் ஒரு 'ஆமாம்' கூட இல்லையே என்று வருத்தப்பட்டார். ஆமாம் என்றால் மாத்திரை நிற்காதாம். குடிப்பழக்கத்துக்கும் இதே அறையில், இதே நாளில் சிகிச்சை உண்டாம். குடித்த நாளிலும் மாத்திரை விழுங்கவேண்டும், விட்டுவிட்டுப் போட்டால் மருந்து கேட்காமல் போய்விடும் என்றார்.

செங்கேணியின் பஸ் அப்போது திருப்புலிவனம் தாண்டியிருக்கும். நான் அவருடைய 'இல்லை'யையும் சேர்த்துப் படிவங்களை அடுக்கிவைத்துவிட்டு என் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.

4

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) செங்கேணி ஒரே பத்தியில் திருந்துகிறார். (சுவரொட்டிக்கு ஆகும்.)

ஆ) செங்கேணி இற— இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன்.

இ) நான் அக்காவிடம் உண்மையைச் சொல்கிறேன். இதில் செங்கேணியை நம்ப முடிகிறது. 'நான்' என்கிற பாத்திரம்தான் இடிக்கிறது.

5

எழுதுகிறவன் என்கிற ஒரே அதிகாரத்தில் அவரை அடுத்த மாதமும் அந்த நாற்காலிவரை கொண்டுவந்துவிட்டேன். இளைத்திருக்கிறார். ஏழாம் கட்டம் காலி. அக்காவின் கதவு திறந்திருக்கிறது. நாலு எட்டு வைத்தால் போதும்.

நான் எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அவர் குனிந்து, உங்களிடம்தான் கேட்கிறார்:

"ஆமான்னு போட்டா இன்னா ஆவும் நைனா?"