கடுகுக்கு ஒன்பது சனிக்கிழமை

பக்கத்தில் ஒரு நாய் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தால் மனுஷி என்ன வேலை பார்க்க முடியும்? பின்னங்காலால் கழுத்தைப் பிறாண்டும். நிறுத்தும். அப்பாடா என்று நான் ஜெராக்ஸ் மெஷினில் தாளை வைப்பதற்குள் முன்னங்கால் விரல்களை நக்க ஆரம்பிக்கும். அது முடிந்தால் காதை உதறும். காது முடிந்தால் வயிற்றைக் கடிக்கும். பார்த்துப் பார்த்து எனக்கே முழங்கையில் அரிக்கத் தொடங்கிவிட்டது. ஆதார் கார்டு நகல் கேட்டவருக்கு ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதன் பெயர் கடுகு. குட்டியாக என் கடை வாசலில் சாக்கடை ஓரம் கிடந்தபோது உடம்பு முழுக்கக் கறுப்பு, அளவும் அவ்வளவுதான். இப்போது மூன்று வயது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. அதனால்தான் இருசம்மாள் நாய் வளர்க்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பிள்ளை இருந்திருந்தாலும் வளர்த்திருப்பேன். இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு காரணம் வேண்டும்.

புத்தூரில் எங்கள் கடையும் அதற்குப் பின்னால் வீடும் வாடகைக்கு. மாடியில் வீட்டுக்காரம்மா வியாகுலம்மாள். கெட்டவர் இல்லை, வாடகை ஒரு வாரம் தள்ளினாலும் முகம் சுளிக்க மாட்டார். அவரே ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு காலையில் கடைக்கு வந்து, கடுகின் வயிற்றில் முடி உதிர்ந்து சிவந்திருப்பதைக் குனிந்து பார்த்தார்.

"இருசம்மா, இது சொறி. கிறிஸ்துமஸுக்கு என் மக கைக்குழந்தையோட வரா. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வேற எங்கயாவது விட்டுடு. நான் வேற என்ன சொல்லட்டும் சொல்லு."

என்ன சொல்ல முடியும்? அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 

என் வீட்டுக்காரர் மதுரைவீரன், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸின் டிரைவர். பெயருக்கேற்ற மீசை உண்டு. நாயைப் பற்றிச் சொன்னதும் மறுநாள் ஒரு டப்பாவில் கறுப்பாக எதையோ கொண்டுவந்தார். பஸ்ஸிலிருந்து வடித்த கழிவு ஆயில்.

"ஷெட்டுல எல்லாரும் சொல்றாங்க. இதைத் தடவினா சொறி ஓடிரும்."

"உங்க தலையில தடவிக்கங்க. அது நக்கித் தின்னு செத்துப் போகும்" என்று டப்பாவைப் பிடுங்கி வைத்தேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வையம்பட்டியில தம்பி தோட்டத்துல மோட்டார் ரூம் பக்கத்துல கட்டிப் போட்டா அது பாட்டுக்குக் கிடக்கும்" என்றார்.

நாயைக் கொண்டுவந்த நாளிலிருந்தே வேண்டாம் என்று சொன்ன மனுஷன். காரணம் கிடைத்துவிட்டது, தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கிலியில் கட்டிப் போட்டால் கடுகு பத்து நாள் தாங்காது. அது என் காலடியில்தான் படுக்கும்.

ஸ்ரீரங்கத்தில் சம்ரீன் என்று ஒரு கால்நடை டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். கடுகை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். பாலம் முழுக்க அது சொறிந்துகொண்டே வந்தது. டாக்டர் சின்னப் பெண். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. கடுகைப் புரட்டிப் போட்டு அக்குள், வயிறு, காது, விரலிடுக்கு எல்லாம் பார்த்தார். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சீப்பால் வாரி உண்ணி, தெள்ளு தேடினார்.

"சொறிப் பூச்சி இல்லை, தெள்ளும் இல்லை. மத்தவங்களுக்கு ஒட்டாதும்மா, பயப்படாதீங்க. இது அலர்ஜி மாதிரி தெரியுது. பாதத்து முடி செம்பட்டையாயிருக்கு பாருங்க, நக்கி நக்கி எச்சில்ல வந்த நிறம். அக்குளும் வயிறும் சிவந்திருக்கு, காது உள்ளே புண்ணு. இது எல்லாம் சேர்ந்து வந்தா பெரும்பாலும் அலர்ஜிதான். என்ன சாப்பாடு போடறீங்க?"

"நாங்க சாப்பிடறதுதான். பால், தயிர் சாதம், டீக்கடை பொறை, ஞாயித்துக்கிழமை கோழி."

"அதுல ஏதோ ஒண்ணு ஆகலைன்னு நினைக்கிறேன். எதுன்னு ரத்தத்துல பார்த்துச் சொல்ல முடியாது. இதுவரை தின்னே இருக்காத சாப்பாடு மட்டும் ரெண்டு மாசம் போடணும். மீன் குடுத்திருக்கீங்களா?"

இல்லை. மீன் மதுரைவீரனுக்கு ஆகாது, வாங்குவதே கிடையாது.

"அப்போ வேகவெச்ச மீனு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. முள்ளு எடுத்துடுங்க. உப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரு பிஸ்கட் துண்டு உள்ளே போனாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

காதுக்குச் சொட்டு மருந்து, குளிப்பாட்டத் தனி ஷாம்பு, அரிப்பு அடங்கக் கொஞ்ச நாளைக்கு மாத்திரை. ஷாம்புவைத் தேய்த்தவுடன் கழுவாமல் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டுமாம். ஈர நாயைப் பத்து நிமிஷம் பிடித்து வைப்பது என்றால் என்ன என்று டாக்டர் வீட்டில் யாராவது செய்து பார்த்திருப்பார்களா தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் ஜிலேபி மீன் வாங்கி முள் ஆய்ந்தேன். வாசனை பொறுக்காமல் என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றே காபி குடித்தார். டீக்கடையில், எதிர்க் கடையில், மாடியில் எல்லாரிடமும் சொன்னேன்: கடுகுக்கு யாரும் ஒரு பருக்கை போடக்கூடாது. இவரிடம் இரண்டு முறை சொன்னேன். "சரி சரி" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வயிற்றில் சிவப்பு குறைந்தது. மாத்திரையை நிறுத்தியபோதும் தாங்கியது. வியாழன், வெள்ளி எல்லாம் கடுகு மெஷினுக்குக் கீழே சுருண்டு தூங்கும். எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மறுபடியும் நக்கல், பிறாண்டல். காது கொதிக்கும். வாரம் பாதி போனால் அடங்கும். மறுபடி ஞாயிறு. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததில் நான் பைத்தியமாகாமல் இருந்ததே பெரிய விஷயம். கார்த்திகை பிறந்துவிட்டது. வியாகுலம்மாள் மாடியில் ஸ்டார் கட்ட ஆள் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் மறுபடி போனேன். கடுகின் காதைப் பார்த்துவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

"எங்கயோ வாய்க்குள்ள போகுதும்மா. எந்தக் கிழமை அதிகமாகுது?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்போ சனிக்கிழமை உங்க வீட்டுல என்ன நடக்குது?"

சனிக்கிழமை ஒன்றும் நடக்காது என்று சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டேன். சனிக்கிழமை இவருக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் கடையில் கூட்டம் என்பதால், "நான் நடக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்று கடுகை அவர்தான் அழைத்துப் போவார். நாயே வேண்டாம் என்ற மனுஷனுக்கு இது என்ன புதுக் கரிசனம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? வேண்டுமென்றே எதையாவது போட்டு, குணமாகவில்லை பார் என்று சொல்லி, வையம்பட்டிக்கு ஏற்றி அனுப்பத் திட்டம். திரும்பி வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். டீக்கடையைத் தாண்டினார். கோழிக்கடையைத் தாண்டினார். தெருக் கோடியில் இருக்கும் சிவன் கோவில் வாசலில் கடுகை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பூக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாசலிலிருந்தே பைரவர் சந்நிதி தெரியும். மிளகைத் துணியில் முடிந்து நல்லெண்ணெயில் விளக்குப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்த மீசைக்காரர் உதடு நடுங்க வேண்டிக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு ஒரு தொன்னையோடு வெளியே வந்து கடுகுக்கு முன்னால் குந்தினார். தயிர் சாதம். அதன் மேல் ஒரு வடை.

"சாப்பிடு சாமி" என்றார் கடுகிடம்.

நான் போய் நின்றேன். கடுகு அதற்குள் பாதி முடித்திருந்தது. தொன்னையைக் காலால் தள்ளினேன். கோவில் பிரசாதம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"ஏங்க இப்படிப் பண்றீங்க? நான் மீன் முள்ளு எடுத்து எடுத்து விரல் கிழிஞ்சு கிடக்கேன். அதை அனுப்பணும்னா நேரா சொல்ல வேண்டியதுதான."

"யாரு அனுப்பறது?" அவர் எழுந்திருக்கவில்லை. "அதுக்குத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன். பைரவருக்கு ஒம்பது சனிக்கிழமை விளக்குப் போட்டு, தயிர் சாதம் படைச்சு, அதைக் கறுப்பு நாய்க்குக் குடுக்கணும். அழகர்சாமி சொன்னான். இதுவே கறுப்பு, இதுவே நோயாளி. வேற எந்த நாய்க்குப் போடறது?"

அழகர்சாமி அவர் பஸ்ஸின் கண்டக்டர்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"சொன்னா நீ சிரிப்ப." அது உண்மை. "டாக்டரம்மா சொன்னது மனுஷன் போடற சோத்துக்கு. இது சாமிக்குப் படைச்சது. இது என்ன பண்ணும்னு நினைச்சேன். வியாழன் வெள்ளியில பாரு, எவ்வளவு நல்லா இருக்கு. எல்லாம் பைரவர் பார்த்துக்கறதுதான்."

"அது என் மீனுங்க. ஞாயித்துக்கிழமை வர அரிப்புதான் உங்க தயிர் சாதம்."

அவர் கடுகைப் பார்த்தார். அது தொன்னை கவிழ்ந்த இடத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதை மெல்ல இழுத்துத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாய் வேண்டாம் என்ற மனுஷன். வையம்பட்டிப் பேச்சு எதற்காக என்று பிறகுதான் கேட்டேன். வியாகுலம்மாள் தெருவில் விட்டுவிடச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், தோட்டமாவது இருக்கட்டும் என்று தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாராம்.

"இன்னும் மூணு வாரம்தான் இருக்கு" என்றார். "நடுவுல விட்டா வேண்டினவனுக்கு ஆகாதுன்னு அழகர்சாமி சொல்லியிருக்கான்."

"மூணு வாரத்துல கிறிஸ்துமஸே வந்துரும். இன்னைக்கே நிறுத்தினாத்தான் உண்டு."

அவர் கவிழ்ந்த தொன்னையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு அப்போது இருந்த கோபத்தில், அழகர்சாமி சொன்னது எல்லாம் காதில் ஏறவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் கடுகைக் கடையிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். சங்கிலியை எடுக்காமல் போகிறாரே என்று கடுகு வாசல் வரை போய் முனகிவிட்டு வந்தது. நான் ஒரு தாளை நான்கு முறை நகல் எடுத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். கையில் தொன்னை இல்லை, சட்டைப்பை கூட உப்பியிருக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

"என்ன செஞ்சீங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். "விளக்குப் போட்டேன். படைக்கல. பாதியில நிறுத்தறேன், கோவிச்சுக்கறதுன்னா என்னைக் கோவிச்சுக்கங்க, அதை விட்டுடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்." சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. நான் கடுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருமுறை காதை உதறியது. என் உயிர் போய் வந்தது. அவ்வளவுதான். திங்கள், செவ்வாய் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் ஒன்றுமில்லை. வயிற்றில் பூனைமுடி மாதிரி புது முடி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வியாகுலம்மாள் இறங்கி வந்து, கடுகைப் புரட்டிப் பார்த்து, விரலால் வயிற்றைத் தடவியும் பார்த்தார். "இருக்கட்டும், இருசம்மா" என்றார். நான் அழுதுவிட்டேன். மாடியில் குழந்தை வந்து இறங்கியபோது கடுகு படிக்கட்டுக்குக் கீழே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் சம்ரீன், உறுதி செய்ய ஒரு முறை தயிரை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்கு உறுதி எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடுகு இப்போது நன்றாகத் தூங்குகிறது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவர் பஸ் எடுத்துக்கொண்டு போகும் பாலத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறதா, எதிரே மணல் லாரி வருகிறதா என்றே மனம் ஓடுகிறது. ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிஷம் தாமதமானால் வாசலுக்கும் மெஷினுக்கும் நடக்கிறேன். போன் செய்து, "என்ன சத்தம் அங்க?" என்கிறேன். "பஸ் சத்தம்தான், வை" என்கிறார்.

போன சனிக்கிழமை அவருக்குத் தெரியாமல் நான் அந்தக் கோவிலுக்குப் போனேன். மிளகை எப்படி முடிவது என்று பூக்காரம்மாவிடம் கேட்டு முடிந்தேன். விளக்கைப் போட்டுவிட்டு பைரவரிடம் சொன்னேன்: "அவரு சொன்னதைக் காதுல போட்டுக்காதீங்க. தொன்னையைத் தட்டிவிட்டது நான்தான்."

இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.