இருநூற்றுப் பன்னிரண்டு உறைகள்

பழைய இசைத்தட்டு வியாபாரி பையைக் கீழே வைத்தபோதே கணக்கு வாத்தியாரின் கண் மனைவி பக்கம் ஓடியது. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் கணக்கு வாத்தியார்தான். அடுத்த வாரம் அவரும் மனைவியும் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார்கள். அங்கே இவர்களுக்கு ஒரே ஓர் அறை. கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. மனைவி தன் தையல் மெஷினை முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டாள். இசைத்தட்டு அலமாரியும் காலியாகத்தான் வேண்டும். அதில் அவருக்கு வருத்தம் உண்டு. இப்போதைக்குப் பயப்படவே நேரம் போதவில்லை, வருத்தத்துக்கு எங்கே போவது?

விஷயம் இதுதான். இரண்டாவது மகள் பிறந்து வீட்டில் நடக்க இடமில்லாமல் போன வருஷம், இனி ஒரு தட்டுகூட வாங்குவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். அன்றைக்கு அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு. இன்றைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டுதான். தூசி தட்டும்போது அவளே எண்ணுவாள். எண்ணியதெல்லாம் அட்டை உறைகளை. மனுஷர் முப்பது வருஷமாகப் புதுத் தட்டுகளை விடைத்தாள் கட்டுக்குள்ளும், ஓய்வுக்குப் பிறகு செய்தித்தாளுக்குள்ளும் செருகிக் கொண்டுவந்து, பழைய உறைகளுக்குள் இரண்டாவதாகத் திணித்திருந்தார். புது உறைகள் முதலில் பள்ளிக்கூடத்துக் குப்பைத்தொட்டிக்கும், பிறகு தெருக் குப்பைத்தொட்டிக்கும் போயின. காப்பியடித்த பையன்களை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய அதே மனுஷர்தான்.

சனிக்கிழமை அவள் வழக்கம்போல் அக்கா வீட்டுக்குப் போனதும் திருட்டுத் தட்டுகளைத் தனியே கட்டிவிடலாம் என்றிருந்தார். ஞாயிறு வருகிறேன் என்ற வியாபாரி வெள்ளிக்கிழமையே வந்து நிற்கிறான். அவளோ அலமாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கொஞ்சம் காபி போடேன்."

"பால் தீர்ந்துபோச்சு. அவரும் வேண்டாம்னுட்டாரே."

"என் கண்ணாடியை எங்க வச்சேன்னு உள்ள பாரேன்."

"மூக்கு மேல பாருங்க."

வியாபாரி ஒரு உறையை உருவிக் கையில் நிறுத்துப் பார்த்தான். குழந்தைப் பாட்டு. "இது என்ன சார், இவ்வளவு கனமா இருக்கு?"

"அந்தக் காலத்துல கனமாத்தான் செய்வாங்க." வீட்டுப்பாடம் எழுதாத பையனின் குரல் வந்தது அவருக்கு.

வியாபாரி உறையைச் சாய்த்தான். குழந்தைப் பாட்டு வந்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு கிளாரினெட் கச்சேரியும் வந்தது. முப்பது வருஷத்து நம்பிக்கை இந்த ஆளின் விரல் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அடுத்த உறையை எடுத்தான். "இதுலயும் ரெண்டு இருக்கே. எல்லாத்துலயும் இப்படியா?"

"இல்லப்பா, மேல் ரெண்டு வரிசையில மட்டுந்தான்," என்றாள் மனைவி, துண்டின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்தபடி. "எண்பத்தேழு."

"எண்பத்தாறு," என்றார் வாத்தியார். தப்பு விடையைத் திருத்தி வளர்ந்த நாக்கு, கேட்காமலே பேசிவிட்டது.

"போன மாசம் ஒண்ணு வந்துச்சே, மறந்துட்டீங்களா?"

வியாபாரி சட்டென்று பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

"தெரியுமா உனக்கு?"

"தூக்கித் தூக்கித் தூசி தட்டுறது யாரு?"

"ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க பொய் சொல்லணும். உங்களுக்கு அது வராது." அவள் துண்டை அடுக்கில் வைத்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு எதுக்குப் போனேன்னு நினைச்சீங்க? ரெண்டு மணி நேரம் மருமகளைப் பத்திப் புலம்பல். நீங்க இங்க பாட்டு கேட்டீங்க, நான் அங்க அதைக் கேட்டேன்."

அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, ஓடிவந்து ஊசியை வைத்த சனிக்கிழமைகள் அவருக்கு நினைவுக்கு வந்தன. அக்கா பைத்தியம் என்று அவளைக் கேலி வேறு செய்திருக்கிறார். பிடிபட்டதில் பாரம் இறங்கியிருக்க வேண்டும். மாறாக, இன்னும் ஏறியது. இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டுகளில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார் வியாபாரியிடம். "அந்தக் கிளாரினெட்டை மட்டும் ஒரு தடவை போடுங்க."

தட்டுகளைச் சோதிக்கக் கொண்டுவந்திருந்த சின்னப் பெட்டியை வியாபாரி திறந்து ஊசியை இறக்கினான். கரகரவென்று சத்தம் வந்தது. மனைவி எழுந்து ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள்.

"நீங்க கேளுங்க. நான் பால் வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. கால்கள் பழக்கத்தில் வாசலுக்குப் போய்விட்டன. வாத்தியார் தன் பக்கத்து நாற்காலியில் இருந்த துணி அடுக்கைத் தூக்கித் தரையில் வைத்தார்.

"பால் அப்புறம் வாங்கிக்கலாம். வா, உக்காரு."