முப்பது மில்லிமீட்டர்

ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் சைக்கிள் தயாராக வேண்டும் என்று சொல்லிவிட்டு சந்தோஷ்குமார் கோழிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

தனப்பிரியா தீவனக் கிடங்கின் முன்னால் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தாள். எருமப்பட்டிக்கு வெளியே அவர்கள் பண்ணை. வெள்ளிக்கிழமை மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா முட்டை லாரியோடு கேரளாவுக்குப் போயிருந்தார். அண்ணனின் மின்சார மலைச் சைக்கிள் தலைகீழாக நின்றது. அதைச் சுற்றி பெங்களூரிலிருந்து வந்த பெட்டிகள். காற்றை அடைத்து முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் புது முன்ஃபோர்க், பின்சக்கரத்துக்குப் புது ஷாக், கார்பன் ஹேண்டில்பார், அகலமான பிரேக் டிஸ்க், செயின்.

மின்சார சைக்கிள்களில் அது எடை குறைந்த வகை. சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. இருந்தும் சந்தோஷுக்குப் போதவில்லை. இன்னும் ஒரு கிலோ குறைய வேண்டும், கல்லில் இறங்கும்போது குதிக்காமல் போக வேண்டும் என்று ஆறு மாதமாகப் பாகம் பாகமாகத் தேடி வாங்கியிருந்தான். மாட்டித் தருவது தங்கை வேலை. தனப்பிரியா இயற்பியல் படித்தவள். ஆள் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் கூசிப்போவாள். கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் அந்தக் கூச்சம் எங்கே போகிறதென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை. போகலாமா என்று கேட்டது சௌந்தர்யா. சந்தோஷுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண். சேலத்தில் வேலை, அங்கே ஒரு சைக்கிள் குழுவில் இருக்கிறாள். எழுபது கொண்டை ஊசி வளைவையும் தன் சாதா கியர் சைக்கிளிலேயே ஏறுவேன், மோட்டார் வைத்த மாப்பிள்ளை எனக்கு முன்னால் போகிறாரா பார்க்கலாம் என்று சவால் விட்டிருந்தாள். தை மாதம் கல்யாணம். சந்தோஷுக்கு முப்பத்திரண்டு வயது. வரிசையாக ஜாதகங்கள் தட்டிப்போய், வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்த நேரத்தில் அமைந்த இடம். அவளை அவனுக்குப் பிடித்திருந்தது என்பது அவன் போனை எடுக்கும் வேகத்திலேயே தெரியும்.

தனப்பிரியாவுக்கும் பிடித்திருந்தது. போன வாரம் சௌந்தர்யா அவளுக்கே போன் செய்து, "உங்கண்ணா நல்லா எளச்சுட்டாங்களே, டெய்லி மலைக்குப் போறாங்களாக்கும்?" என்று கேட்டாள். தனப்பிரியா பி.எட். படிக்க விடுதியில் இருக்கிறாள். வார இறுதிக்குத்தான் வருவாள். இருந்தாலும் ஊரே அப்படித்தானே சொல்கிறது என்று, "ஆமாங்க" என்றாள்.

பழைய செயினைக் கழற்றி, தேய்மானம் பார்க்கும் தகட்டை வைத்தாள். தேய்ந்த செயினில் இறங்கிவிடும் தகடு, உள்ளே இறங்கவில்லை. இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் இறங்கவில்லை. ஆறு மாதம் தினமும் மலை ஏறிய செயின் இப்படி இருக்காது. பின் டயரைச் சுற்றிப் பார்த்தாள். புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள் அப்படியே இருந்தன. பத்து நாள் ஓட்டினால் உதிர்ந்துவிடும் இழைகள்.

வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஃபோர்க்கைக் கழற்றத் தொடங்கினாள்.

நாலரை மணிக்கு எல்லாம் மாட்டி முடிந்தது. சந்தோஷ் கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். வந்ததும் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கி, தீவன மூட்டை நிறுக்கும் மின் தராசில் வைத்தான். சிவப்பு எண்கள் ஆடி நின்றன.

"பதினெட்டு கிலோ நூறு. முன்ன பத்தொம்பது நானூறு. ஒரு கிலோ முந்நூறு போயிருச்சு அம்மிணி."

மோர் கொண்டுவந்த அம்மா சென்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏஞ் சாமி, இந்த ஒரு கிலோவக் கொறைக்கத்தான் பெங்களூருக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சியா? ஒரு வேளச் சோத்த நிறுத்துனா போயிருமே."

"அம்மா, வண்டி எடை வேற, ஆள் எடை வேற."

"மலைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா நீ சோத்த நிறுத்திறாத. ஏற்கெனவே எளச்சுக் கெடக்கற. மூணு ஆள் சோறு திங்கறான், தின்னது எங்க போகுதுன்னுதான் தெரியல. எல்லாம் இந்தச் சைக்கிள் மிதிக்கறதுல போகுது."

சந்தோஷ் சிரித்தான். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாட்டிலையும் திறந்தான். அம்மா செம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

"ஃபோர்க்குக்குக் காத்து வைக்கணும். உன்ற எடை வேணும். சைக்கிளை எறக்கிட்டு நீ ஏறு" என்றாள் தனப்பிரியா.

"அதுல எதுக்கு? மூட்டை நிறுக்கற தராசு. எழுபத்தி நாலுன்னு வச்சுக்கோ."

"இப்பத்தான் நூறு கிராம் வரைக்கும் பாத்த."

"எழுபத்தி நாலு, கண்ணு. நானே சொல்றனல்ல."

அவன் தராசின் சுவிட்சை அணைத்துவிட்டான்.

ஃபோர்க்கின் காலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓட்டுபவர் எடைக்கு நேராக எவ்வளவு காற்று என்று போட்டிருந்தது. எழுபத்தி நாலு கிலோவுக்கு எண்பத்தாறு பி.எஸ்.ஐ. அழுத்தம். சின்னப் பம்பைத் திருகி எண்பத்தாறு வைத்தாள். வழவழப்பான குழாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதை அடி வரைக்கும் தள்ளிவிட்டு ஆள் மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கினால், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் வளையம் மேலே நகர்ந்து நிற்கும். இந்த ஃபோர்க்குக்கு முப்பது மில்லிமீட்டர் சரி. குறைந்தால் கல்லில் கையை உதறும்.

சந்தோஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான், இறங்கினான். ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று.

"திருப்பி ஏறு."

இருபத்து மூன்று.

பம்பின் முள்ளில் கோளாறோ என்று கழற்றி, பின் ஷாக்குக்கு வைத்திருந்த இன்னொரு பம்பை மாட்டினாள். அதுவும் எண்பத்தாறு காட்டியது. உராய்வாக இருக்கும் என்று ஃபோர்க்கைப் பத்துப் பதினைந்து தடவை அமுக்கி விட்டாள். இருபத்து மூன்றுதான். ஒரே அளவு மூன்று முறை வந்தால் கருவியைக் குறை சொல்லக் கூடாது என்று கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். போட்ட கணக்கில்தான் ஏதோ தப்பு.

கொஞ்சம் காற்றைப் பிடுங்கினாள். ஏறச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் பிடுங்கினாள். அவன் பேசாமல் ஏறி ஏறி இறங்கினான். ஐந்தாவது தடவை வளையம் முப்பதில் நின்றது. முள் அறுபத்தாறில் இருந்தது.

அறுபத்தாறுக்கு நேராக ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதென்று பார்த்தாள். ஐம்பத்தெட்டு கிலோ.

விரலை வைத்து இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாகக் குத்திய இரண்டு ஓட்டைகள். இரண்டு லிட்டர் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். எல்லாம் கண்ணுக்கு எதிரேதான் இருந்தன. சைக்கிள் ஓட்டி இளைத்துவிட்டான் என்ற ஒரு வார்த்தை அத்தனையையும் மூடி வைத்திருந்தது. அந்தச் சைக்கிளோ கொட்டகையில் சும்மா நின்றிருக்கிறது.

கேட்க வேண்டும். என்ன என்று கேட்க வேண்டும். பம்பைக் கழற்றி மூடியைத் திருகினாள்.

"ஆச்சா?"

"ஆச்சு. ஓட்டிப் பாரு."

அவன் கொட்டகை வரிசையைச் சுற்றிக் கிளம்பினான். மோட்டார் மெல்ல முனகியது. கோழிகள் ஒரு வரிசையாகக் கத்தி அடங்கின. தீவன லாரி போய்ப் போய்க் குழியான தடம் அது. குழிகளில் சக்கரம் ஏறி இறங்கியது, அவன் தோள் ஆடவேயில்லை. திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. மூச்சு மட்டும் வாங்கியது. மோட்டார் தள்ளிவிட்ட முந்நூறு மீட்டருக்கு அவ்வளவு மூச்சு.

"மெத்தை மாதிரி போகுது அம்மிணி. பழசு உலக்க மாதிரி இடிக்கும். எவ்வளவு காத்து வச்ச?"

தனப்பிரியா ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக அடுக்கினாள்.

"அறுபத்தாறு."

"அறுபத்தாறா?" அவன் குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தான்.

மூன்றாம் கொட்டகையில் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்டிக்கர்ல போட்டதெல்லாம் சரியா இருக்கோணும்னு இல்ல" என்றான்.

"வளையமும் முப்பதுல நிக்குது அண்ணா."

அவன் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் அழுக்குத் துணியை எடுத்து மடித்தாள்.

"மூணாம் கொட்டாயில போன மாசம் என்ன பண்ணுன?" என்று துணியைப் பார்த்துக் கேட்டாள். "தீனி கொறையல, கோழி எடை மட்டும் எறங்குதுன்னு."

"டாக்டரக் கூப்புட்டேன்."

"எப்ப?"

"அன்னிக்கே."

"கோழிக்கு அன்னிக்கே."

அவன் சிரிக்கப் பார்த்தான். "பேசவே தெரியாதுன்னு இத்தன நாளா ஏமாந்துட்டேன்."

அவள் ஸ்பேனர்களைப் பெட்டிக்குள் போட்டாள்.

"பாத்துட்டேன் கண்ணு. நாமக்கல்ல போயிப் பாத்தேன், ரெண்டு மாசமாச்சு. என்ன பண்ணோணும்னும் சொல்லிட்டாங்க. கல்யாணம் முடியட்டும்னு இருக்கறேன். இப்பச் சொன்னா அவங்கூட்டுல என்ன சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும். வேற பக்கம் பாத்துக்கறோம்னு மரியாதையாச் சொல்லிட்டுப் போயிருவாங்க."

"ஞாயித்துக்கிழமை நாப்பதாவது வளைவுல மயங்கி உழுந்தீன்னா?"

"மோட்டார் இருக்குதல்ல."

"மோட்டார் மிதிக்கும். உன்னையத் தாங்கிப் புடிக்குமா?"

அவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"அவங்க எங்கிட்டக் கேட்டாங்க அண்ணா" என்றாள் தனப்பிரியா. "டெய்லி ஓட்டறாங்களான்னு. நான் ஆமாங்கன்னு சொல்லிட்டேன். தெரியாம சொன்னது அன்னிக்கு. நாளைக்குக் கேட்டா தெரிஞ்சே சொல்லோணும். என்னால ஆகாது."

அவள் அவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

சந்தோஷ் எழுந்தான். தராசின் சுவிட்சைப் போட்டான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி நின்றான். எண்கள் ஆடி, ஐம்பத்தேழு எண்ணூறில் நின்றன. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இறங்காமலே பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

அவள் எழுந்து நகரப் பார்த்தாள்.

"நீ போகாத. இங்கியே இரு" என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டான்.

இரண்டாவது மணியிலேயே சௌந்தர்யா எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம். "என்னங்க, வண்டி ரெடியாயிருச்சா? எடை எவ்வளவு கொறஞ்சுச்சு?"

"வண்டி ஒரு கிலோ முந்நூறுங்க."

"அவ்வளவுதானா? அதுக்கா இத்தன அலப்பறை?"

"நான் பதினாறு கிலோங்க."

அவள் சிரித்தாள். இவன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "ஏனுங்க?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

சந்தோஷ் தங்கையைப் பார்த்தான். தனப்பிரியா இந்த முறை தலையைக் குனியவில்லை.

"சைக்கிள் ஓட்டி எளைக்கலீங்க. எனக்குச் சக்கரை நோவு இருக்குது. தெனமும் ஊசி போடச் சொல்லியிருக்காங்க."