நாற்பத்துநான்கு காட்டும் பெட்டி

போடிமெட்டுப் பாதையில் பாறை சரிந்து ஜீப்பு நின்றபோது, சுஜாதாவின் போனில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூடு அறுபத்தொன்று என்று காட்டியது. ஐம்பதைத் தொட்டாலே சுவரில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டி ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். இந்த வருஷத்துக் காய் மொத்தமும் அந்த அறைத் தட்டுகளில் கிடக்கிறது. பச்சை வெளுத்துவிட்டால் ஏலத்தில் கையில் அள்ளிப் பார்க்கக்கூட ஆள் வராது.

சூட்டைப் போனில் பார்க்கிற ஏற்பாடு அவள் செய்ததுதான். போடியில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் முபின் சின்ன போர்டு ஒன்றைக் கொடுத்து, "பொட்டிக்குள்ள ஓடுறது லைன் கரண்டு, அக்கா. போர்டுக்குத் தனி சார்ஜர், தனி சென்சார். ரெண்டு வயரும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னான். போனிலிருந்தே ஹீட்டரை அணைக்க ரிலே வைக்கலாமே என்றதற்கு, "அதுல நீங்க கை வைக்காதீங்க, மழை விட்டதும் நானே வர்றேன்" என்றான். மழை எங்கே விட்டது? அவளால் பார்க்க மட்டும்தான் முடியும். பார்க்க வழியில்லாமலே இருந்து தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஸ்டோரில் தனியாக இருக்கும் செல்லத்தாயின் பட்டன் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகக் கிடைத்தது.

"செல்லத்தாய்க்கா, மெயினை அணைங்க. காய் வேகுது."

"இல்ல தாயி, பொட்டியில நாப்பத்திநாலுதான் காட்டுது. பாதி ஈரத்துல அணைச்சா வேர்த்துக் கறுத்துரும்னு நீதான சொன்ன."

"பொட்டி தப்பாக் காட்டுதுக்கா."

"இத்தன வருசமாக் காட்டாத தப்பா? ஒன் போனுதான் கோளாறு. வெரசா வந்து சேரு. காலையில நனைஞ்ச ஸ்வெட்டரக் கழட்டிப் போட்டுட்டுப் போனீல்ல, அதையும் உள்ள காயப் போட்டுட்டேன். செவுத்துல ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, தோதா மாட்டிட்டேன்."

மழைக்காலத்தில் எல்லாரும் ஈரத்துணியை அந்த அறையில்தான் காயப்போடுவார்கள். சுஜாதாவும் போட்டிருக்கிறாள். ஆனால் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரே கம்பி பெட்டியின் சென்சார்தான். ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அது குளிர்கிறது என்கிறது. பெட்டியும் அதை நம்பி ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டிருக்கிறது.

"அக்கா, அந்த ஸ்வெட்டர எடுங்க. மொதல்ல அத எடுங்க."

லைன் எப்போதோ அறுந்திருந்தது. திரும்ப அடித்தாள், போகவில்லை. ஜீப்பில் வந்தவர்கள் இறங்கிப் பாறையைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

போனில் அறுபத்தாறு. மேலே ஏறவிடாமல் பிடித்து வைப்பவள்போல் கட்டை விரலால் அந்த எண்ணை அழுத்தி மூடினாள். விரலை எடுத்தபோது அறுபத்தேழு.