பலகையில் இருந்த நால்வர்

புலர்ச்சி இல்லத்து வாசலில் புதுப் பலகை மாட்டிய நாளிலிருந்தே நர்ஸ் ஜெயபாய்க்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மனநல மருத்துவர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர், பயிற்சி பெற்ற செவிலியர் என்று நான்கு பதவிகள், எதிரே நான்கு பெயர்கள். அதில் பொய்யில்லாதது கடைசியில் இருந்த அவள் பெயர் ஒன்றுதான்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் அது. லைசென்ஸ் வேண்டுமானால் இந்த நான்கு பேரும் இருந்தாக வேண்டும் என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். முதலாளி ராஜரத்தினம் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்த்தவர், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு பழைய பஞ்சுக் குடோனை வாங்கிப் பதினெட்டு மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்தார். படித்த ஆளைத் தேடிப் பிடிப்பதைவிட இருக்கிற ஆளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துப் போடுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும்.

பலகையில் இருந்த மருத்துவர், மதுரைக்காரர். ஒரே ஒரு தடவை வந்து போட்டோவுக்கு நின்றுவிட்டு, பட்டத்தின் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆலோசகர் சோலைச்சாமி, இல்லத்துச் சமையல்காரர். சமூகப் பணியாளர் தவசிமுத்து, வேன் டிரைவர். வீடுகளுக்குப் போய் ஆட்களைத் தூக்கி வருவது அவன் வேலை. வேன் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு நைலான் கயிறு கிடக்கும். அந்தக் கயிறு அறுத்த மணிக்கட்டுகளுக்கு மருந்து போட்டவள் ஜெயபாய். அவனுக்குப் போய்ச் சமூகப் பணியாளர் என்று பட்டம் கட்டியதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான சேத்தூருக்குப் போய்விடலாம் என்று எத்தனையோ தடவை கிளம்பியிருக்கிறாள். சுடலைமாடத்திதான் காலைப் பிடித்த மாதிரி நிறுத்தி வைத்திருந்தாள். மம்சாபுரத்துப் பெண். பிள்ளை பெற்ற பிறகு தூக்கம் போய், கண்டதையும் பேசி, கிணற்றடியில் போய் நின்றவள். இப்போது ஆறு மாதமாக நன்றாகத் தெளிந்திருந்தாள். ஆனால் அவள் புருஷன் சிவனாண்டி ஒரே பிடியாக நின்றான். "கொணமாயிட்டுன்னு பெரிய டாக்டரு கையெழுத்துப் போட்ட பேப்பரக் காட்டச் சொல்லுங்க. பொறவு கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டான். ஊரில் அவள் பிள்ளை நடக்கப் பழகி, பேசப் பழகி, யாரையோ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

லைசென்ஸ் ஆய்வுக்கு அரசாங்கத்துப் பெரிய டாக்டர் வருகிறார் என்றதும் ஜெயபாய் அவளைத் தயார் செய்தாள். "கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுட்டி. பதறாத. உள்ளத உள்ளபடி சொல்லு, போதும்."

ஆய்வு டாக்டர் வியாழக்கிழமை காலை ஜீப்பில் வந்தார். பலகையைப் படித்தார், சோலைச்சாமியும் தவசிமுத்தும் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்தார். மருத்துவர் லீவு என்றார் ராஜரத்தினம். டாக்டர் தலையாட்டிக்கொண்டார். ஜெயபாய் தானே முன்னால் போய், மாடத்தியைச் சோதித்துப் பார்த்துப் பேப்பர் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை சார். ஆடி பன்னெண்டு."

"நூறுல இருந்து ஏழு ஏழாக் குறைச்சுச் சொல்லு."

"தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு, எழுவத்தி ஒம்பது, எழுவத்தி ரெண்டு, அறுவத்தி அஞ்சு. போதுமா சார்?"

டாக்டர் சிரித்தார். ஜெயபாய்க்கு உயிர் வந்தது. அத்தோடு எழுந்திருக்க வேண்டியவர், சோலைச்சாமியைக் கையால் காட்டினார். "இவர் யாரு, தெரியுதா?"

"சோலைச்சாமியண்ணன். இங்க சமைக்கிறவுக."

"அவரு?"

"தவசிமுத்தண்ணன். அவியதான் என்னையக் கயித்துல கட்டி வேன்ல தூக்கிட்டு வந்தவிய."

ராஜரத்தினம் வாயெல்லாம் பல்லாக முந்திக்கொண்டார். "பாத்தீகளா சார். எப்பமும் இப்படித்தான், ஆளை மாத்தி மாத்திச் சொல்லும்."

டாக்டர் சோலைச்சாமியை ஏற இறங்கப் பார்த்தார். அவர் நகக்கண்ணில் மஞ்சள் அப்பியிருந்தது. பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். தோளுக்குப் பின்னாலிருந்து ஜெயபாய் படித்தாள். ஆட்களை இனம் காணத் தெரியவில்லை, சிகிச்சை தொடர வேண்டும் என்றிருந்தது. அவள் நிமிர்வதற்குள் டாக்டர் ஜீப்புக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினாள். "சார், அவ சொன்னது அம்புட்டும் நெசம்."

"தெரியும்மா" என்றார் அவர், சாதாரணமாக. "அந்தாளு கோட்டுல தாளிச்ச வாசம் அடிக்குதே. இதை மூடச் சொன்னா இந்தப் பதினெட்டுப் பேரை நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

"மூட வேண்டாம் சார். அவ தெளிஞ்சிட்டான்னு மட்டும் எழுதிக் குடுங்க."

"அது எப்படிம்மா? அவ தெளிஞ்சிட்டான்னு எழுதினா, அவ சொன்னதும் நெசம்னு ஆயிருமே."

ஜீப் கிளம்பியது. ஜெயபாய் வேலியோரம் காறித் துப்பினாள். துப்பியும் வாயில் கசப்புப் போகவில்லை. அந்த டாக்டர் மேல், ராஜரத்தினம் மேல், எல்லாரையும்விடத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. தன் ஒரு பெயர் மெய்யாக இருந்ததால்தானே மற்ற மூன்று பொய்களும் அந்தப் பலகையில் துணிந்து நின்றன.

உள்ளே மாடத்தி இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எல்லாஞ் சரியாத்தான சொன்னேன், சிஸ்டர்?"

"ஒண்ணு விடாமச் சரியாச் சொன்னட்டி."

"அப்பம்னா பேப்பரத் தாங்க" என்று மாடத்தி கையை நீட்டினாள்.