வெட்கப்பட்ட சிறுகோள்கள்

"செத்தோம் தங்கச்சி" என்றான் திஹோமிர். கையில் காபிக் கோப்பையோடு நெவேனாவின் தோளுக்கு மேலிருந்து கணினித் திரையை எட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

மின்னஞ்சல் அனுப்பியிருந்தவர் ஹெண்ட்ரிகா. சிறுகோள் ஆய்வாளர் சங்கத்தின் பதக்கக் குழுத் தலைவி. ஆம்ஸ்டர்டாம்காரி. சிரிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

'ராடோய்காவுக்காக வந்த ஆர்னே லெஹ்தொவாராவின் பரிந்துரைக் கடிதம் அவர் எழுதியதுதானா என்ற ஐயம் எழுந்துள்ளது. இன்று பிற்பகல் காணொளியில் அவரும், பரிந்துரையை அனுப்பிய நீங்களும் விளக்கம் தர வேண்டும். திருப்தி இல்லையேல் பரிந்துரை தள்ளுபடி.'

சங்கத்தின் விதிப்படி ஒருவரை மூன்று முறைதான் பரிந்துரைக்கலாம். ராடோய்காவுக்கு இது மூன்றாவது. இது போனால் பதக்கம் என்ற பேச்சே இல்லை.

ராடோய்கா பந்தேலிச் இவர்கள் இருவரும் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் மூத்த விஞ்ஞானி. ஒரு சிறுகோளின் வெளிச்சம் ஏறி இறங்குவதை வைத்தே அது உருளைக்கிழங்கு வடிவமா, கடலைக்காய் வடிவமா என்று சொல்லிவிடுவாள். உலகமே அவளிடம் வந்து கேட்டுக்கொண்டு போகும். போய்ப் பரிசும் வாங்கிக்கொள்ளும். பரிந்துரை விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது விதி. தெரிந்தால் அவளே ரத்து செய்துவிடுவாள் என்பது நிஜம். இப்போதுகூடக் கீழே முற்றத்தில், அஜ்வார் என்ற மிளகாய்த் தொக்குக்காகச் சிவப்பு மிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலம் வந்தால் அந்த அடுப்புக்கு முன்னால் எந்தச் சிறுகோளும் நிற்க முடியாது. புகை மாடி ஜன்னல் வரை வந்தது.

"அப்படி என்னதான் எழுதியிருக்கு அந்தக் கடுதாசியில?" என்றான் திஹோமிர்.

நெவேனா கடிதத்தைத் திரையில் திறந்தாள். முதல் வரியிலேயே அவள் முகம் வெளுத்தது.

"'ராடோய்கா தொலைநோக்கியைத் திருப்பும்போது சிறுகோள்கள் வெட்கப்பட்டுத் தங்கள் மறுபக்கத்தையும் காட்டிவிடுகின்றன...'"

"ஆர்னேவா? கல்யாணத்தன்னிக்குப் பொண்டாட்டிகிட்ட 'சரி'ன்னு மட்டும் சொன்ன ஆளாச்சே!"

"மாத்தி அனுப்பிட்டேன்டா!"

இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால் 'வரைவு அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன்' என்று ஒரு வரியில் பதில் வரும். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. யாரும் வெளியே சொல்வதும் இல்லை. கையெழுத்துப் போடுகிறவரின் குரலில் எழுதுவதில்தான் சாமர்த்தியம். நெவேனா அதில் கெட்டிக்காரி. பின்லாந்து ஆர்னேவுக்கு நாலே வரி. பதுவா நகரத்து ப்ரெஸ்ஸானுக்கு இரண்டு பக்கம். அவர் மழை வந்தாலே மேகத்தைப் பாராட்டுகிற மனிதர். அப்புறம் அவசரத்தில் அவருடையதை இவருக்கும் இவருடையதை அவருக்கும் இணைத்துவிட்டாள். இரண்டு பேருமே படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பிற்பகல். திரையில் ஒரு சதுரத்தில் ஹெண்ட்ரிகா. இன்னொன்றில் ஆர்னே, பின்னால் பனி படர்ந்த ஜன்னல்.

"ப்ரெஸ்ஸான் நாலு வரிதான் எழுதியிருக்கார். ராடோய்காவோட அவருக்கு ஏதாவது சண்டையா?" என்று ஆரம்பித்தார் ஹெண்ட்ரிகா. "அது கிடக்கட்டும். ஆர்னே, இந்த ரெண்டு பக்கம் நீங்க எழுதினதா?"

ஆர்னே யோசித்தார். அவர் யோசித்த நேரத்தில் நெவேனாவின் நெற்றி வியர்த்துவிட்டது.

"படிக்கல" என்றார். "இப்ப படிக்கிறேன்."

படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் படித்தார். இவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு 'இல்லை' போதும். நெவேனாவால் பொறுக்க முடியவில்லை.

"நான்தாங்க எழுதினேன்! வரைவு கேட்டார், குடுத்தேன். ஆளை மாத்தி அனுப்பினது என் தப்பு. அதுக்காக ராடோய்காவைத் தண்டிச்சிடாதீங்க!"

மேஜைக்குக் கீழே திஹோமிர் அவள் காலை மிதித்தான். காலம் கடந்துவிட்டது.

ஹெண்ட்ரிகா பெருமூச்சு விட்டார். "வரைவு எழுதறது யாருக்குத் தெரியாத விஷயம்? ஆனா நீங்களே வாயால சொல்லிட்டீங்க. கடிதம் கையெழுத்துப் போடறவரோட சொந்த வார்த்தையா இருக்கணும்னு விதி. நான் என்ன செய்ய?"

"அடிச்சிடுங்க" என்றார் ஆர்னே.

நெவேனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடிதத்தை அடிச்சிடுங்க. இப்ப சொல்றதை எழுதிக்குங்க. ராடோய்கா பாக்காம என் கணக்கு எதையும் நான் வெளிய விடறதில்ல. எல்லாரும் பிரமாதம்பாங்க. அவ மட்டும் 'மறுபடி போடு'ம்பா. போடுவேன். எனக்கு இந்தப் பதக்கம் குடுத்தீங்களே, அது அவ மூணு தடவை திருப்பியனுப்பின கணக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை போலிருந்தது.

"நீங்களா? ஒருத்தர் சொல்லி நீங்க மறுபடி போடறதா?" ஹெண்ட்ரிகா நம்பவில்லை. "குழுவில இதைச் சொன்னா சிரிப்பாங்க, ஆர்னே."

கதவு திறந்தது. ராடோய்கா! முழங்கை வரை கரி, இடுப்பில் ஏப்ரன், இரண்டு கைகளிலும் சூடான ஜாடிகள்.

"கதவை மூடிக்கிட்டா மட்டும் வாசனை தெரியாதா? வந்து எடுத்துக்..." திரையைப் பார்த்தாள். "அட, ஆர்னே! நல்லவேளை மாட்டினே. நேத்து அனுப்பினியே, பாத்தேன். நிழலைக் கணக்கில சேர்க்கவே இல்ல. மறுபடி போடு."

"சரி" என்றார் ஆர்னே.

ஹெண்ட்ரிகா மெதுவாகப் பேனாவை எடுத்தார். அவர் உதடு துடித்ததை நெவேனா கண்ணால் பார்த்தாள். சிரிப்புதான்.

"என்ன கூட்டம் இது? ஏன் எல்லாரும் முழிக்கிறீங்க?" என்றாள் ராடோய்கா.

"வெட்டிக் கூட்டம் அக்கா. ஜாடியை இப்படிக் குடுங்க, சுடப்போகுது" என்று திஹோமிர் அவளை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"எழுதிக்கிட்டேன்" என்றார் ஹெண்ட்ரிகா. "பரிந்துரை செல்லும். ப்ரெஸ்ஸானும் இதே மாதிரி சொந்தமா பேசணும். நாளைக்குக் கூப்பிடறேன். பத்து நிமிஷம் ஒதுக்கினா போதுமில்ல?"

நெவேனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சாயங்காலம் வேற வேலை எதுவும் வெச்சுக்காதீங்க."

ஹெண்ட்ரிகா விடைபெறப் போகும்போது ஆர்னே கையைத் தூக்கினார்.

"ஒண்ணு மட்டும். அந்த வெட்கப்படற வரி." தொண்டையைச் செருமினார். "அது இருக்கட்டும்."